எட்டு விநாடியில் தடுமாறிய மெஷின்! உயிர் காக்கும் சாஃப்ட்வேர் எப்படி எழுதப்படுகிறது?

போன் திடீரென்று ஹேங் ஆகிறது. என்ன செய்வோம்? இரண்டு முறை திட்டிவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்து ஆன் செய்வோம். ஒரு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். கிரிக்கெட் ஸ்கோர் ஒரு ஓவர் தாமதமாகத் தெரிந்ததைத் தவிர பெரிய நஷ்டம் இல்லை.

காரில் இருக்கும் ஏர்பேக் விஷயத்தில் இந்தச் சமாதானம் எடுபடாது. வண்டி குலுங்குகிறது. அது வேகத்தடையில் ஏறி இறங்கிய குலுக்கலா, நிஜமான மோதலா என்று முடிவெடுத்து, பையை விரியச் செய்ய உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்குக் கிடைக்கும் அவகாசம் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. சரியான முடிவையே அரை விநாடி தாமதமாக எடுத்தால்கூடப் பயனில்லை. அதற்குள் தலை ஸ்டீயரிங்கில் மோதியிருக்கும்.

வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அவன், லிஃப்ட், காரின் பிரேக், இதயத்தில் பொருத்தும் பேஸ்மேக்கர், விமானம், ராக்கெட் என்று எல்லாவற்றிலும் இப்படி ஒரு கம்ப்யூட்டர் ஒளிந்திருக்கிறது. அதற்கு ஸ்கிரீனும் இருக்காது, கீபோர்டும் இருக்காது. சாதனத்துக்குள்ளேயே குடியிருந்து அதை இயக்குவதுதான் அதன் ஒரே வேலை. 'எம்பெடட் சிஸ்டம்' என்று பெயர். குறித்த நேரத்துக்குள் வேலையை முடித்தே ஆக வேண்டும் என்றால் அது 'ரியல் டைம்' சிஸ்டம். ரியல் டைம் என்றதும் பலர் அதிவேகம் என்று நினைக்கிறார்கள். வேகம் இரண்டாம்பட்சம்தான். ஆயிரம் முறை சீக்கிரம் வந்துவிட்டு ஆயிரத்து ஒன்றாவது முறை கோட்டை விடுகிறவனை இந்த வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. தினமும் ஒரே நேரத்துக்கு வரும் பால்காரரைப் போன்ற ஆள்தான் வேண்டும்.

இந்த சாஃப்ட்வேரை எப்படி எழுத வேண்டும் என்று படிக்கிற மாணவர்களுக்கு, எப்படி எழுதக் கூடாது என்பதற்கு ஒரு மெஷினின் கதை உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படுகிறது. அதன் பெயர் தெராக்-25.

'மால்ஃபங்ஷன் 54'

கனடாவின் அரசு நிறுவனமான 'அட்டாமிக் எனர்ஜி ஆஃப் கனடா லிமிடெட்' தயாரித்த புற்றுநோய்க் கதிர்வீச்சு மெஷின் அது. அமெரிக்காவில் 5, கனடாவில் 6 என மொத்தம் 11 மெஷின்கள் நிறுவப்பட்டன. ஒரே மெஷினில் இரண்டு விதமான சிகிச்சை தரலாம் என்பது அதன் பெருமை. தோலுக்கு அருகில் இருக்கும் கட்டிக்கு எலெக்ட்ரான் கதிர். உடலுக்குள் ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு எக்ஸ்-ரே.

எக்ஸ்-ரே உருவாக்க, பல மடங்கு வலுவான எலெக்ட்ரான் கற்றையை ஓர் உலோகத் தகட்டின் மீது பாய்ச்ச வேண்டும். பெரும்பகுதி சக்தியைத் தகடும் அதைச் சார்ந்த வடிகட்டியும் வாங்கிக்கொள்ளும். மிச்சம்தான் நோயாளிக்குப் போகும். எலெக்ட்ரான் சிகிச்சைக்கோ தகடு தேவையில்லை. கற்றையையே மென்மையாக்கி, காந்தங்களால் பரப்பிவிடுவார்கள். எந்தச் சிகிச்சையோ அதற்கேற்ற பாகத்தை ஒரு சுழல்மேடை திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தும். இதில் மாறக் கூடாதது ஒன்று உண்டு. வலுவான கற்றை வரும்போது தகடு குறுக்கே இருந்தே ஆக வேண்டும்.

1986, மார்ச் 21. டெக்ஸாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் உள்ள புற்றுநோய் மையம். இரண்டு வருடங்களாக அங்கே தெராக்-25 ஓடிக்கொண்டிருந்தது. 500 பேருக்கு மேல் சிகிச்சை முடிந்திருந்தது. முதுகில் இருந்த கட்டியை அகற்றிக்கொண்ட ஒருவர், தன் ஒன்பதாவது சிகிச்சைக்காகக் குப்புறப் படுத்திருந்தார். தடித்த சுவர்களுக்கு வெளியே, அடுத்த அறையில் ஆபரேட்டர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார்.

அனுபவமுள்ளவர். விவரங்களை மளமளவென்று டைப் செய்தார். அங்கே வருபவர்களில் பெரும்பாலானோருக்கு எக்ஸ்-ரே சிகிச்சைதான் என்பதால் விரல் பழக்கத்தில் 'எக்ஸ்' எழுத்தைத் தட்டிவிட்டார். இவருக்கு வேண்டியது எலெக்ட்ரான். 'இ' தட்டியிருக்க வேண்டும். உடனே கவனித்து, மேல்நோக்கும் அம்புக்குறி பட்டனால் அந்த இடத்துக்குப் போய்த் திருத்தினார். மற்ற விவரங்கள் சரியாக இருந்ததால் என்டர் பட்டனை டக் டக்கென்று தட்டிக் கீழே வந்தார். 'தயார்' என்றது ஸ்கிரீன். கதிரைச் செலுத்தும் பட்டனை அழுத்தினார்.

மெஷின் நின்றது. 'மால்ஃபங்ஷன் 54' என்று ஒரு வரி. கூடவே, கொடுக்க வேண்டிய அளவைவிட மிகக் குறைவான கதிர்தான் போயிருக்கிறது என்றும் காட்டியது. இப்படி அடிக்கடி நிற்கிற மெஷின்தான் அது. தொடரலாம் என்பதற்கு 'பி' பட்டன். அழுத்தினார். மறுபடியும் அதே 54.

உள்ளே படுத்திருந்தவருக்கு முதல் முறையே முதுகில் ஷாக் அடித்தது போல, கொதிக்கும் காபியைக் கொட்டியது போல இருந்தது. எட்டு முறை வந்து படுத்தவர் என்பதால், இது வழக்கமானதல்ல என்று அவருக்குத் தெரியும். எழுந்திருக்க முயன்றார். அந்த நேரத்தில்தான் இரண்டாவது தாக்குதல். கையே உடம்பைவிட்டுப் பிய்ந்து போவது போன்ற வலி. ஓடிவந்து கதவை ஓங்கித் தட்டினார். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கக் கேமராவும், பேசுவதற்கு இன்டர்காமும் இருந்தன. அன்றைக்கென்று பார்த்து வீடியோ இணைப்பு கழற்றப்பட்டிருந்தது, ஆடியோ ரிப்பேர்.

அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்த கதிரின் அளவு 180 ரேட். சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலப் பரப்பில், ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ரேட் வரை இருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஐந்து மாதங்களில் அவர் இறந்துபோனார்.

அந்த நாளில் யாருக்கும் இது தெரியாது. மின்கசிவாக இருக்கலாம் என்று நினைத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மெஷினைச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்ததால் அன்றே மற்ற நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடர்ந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் இன்ஜினீயர்கள் வந்தார்கள். எவ்வளவு முயன்றும் அந்த 54-ஐ வரவழைக்க முடியவில்லை. இந்த மெஷின் அளவுக்கு அதிகமாகக் கதிர் கொடுக்க வாய்ப்பே இல்லை என்றார்கள். வேறு எங்கும் இப்படி நடந்ததாகத் தகவல் இல்லை என்றும் சொன்னார்கள். அதற்குள் ஜார்ஜியாவில் ஒருவர், கனடாவின் ஹாமில்டனில் ஒருவர், வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் ஒருவர் என மூன்று பேர் காயம்பட்டிருந்தார்கள். ஜார்ஜியாவில் அந்தப் பெண், படுக்கையிலிருந்து எழும்போதே 'என்னைச் சுட்டுவிட்டீர்கள்' என்று சொல்லியிருக்கிறார். அப்படி நடக்கவே முடியாது என்பதுதான் அவருக்கும் கிடைத்த பதில்.

எலெக்ட்ரிக்கல் கோளாறு இருக்கிறதா என்று தனியாக ஒரு குழுவை வைத்துச் சோதித்து, இல்லை என்று தெரிந்ததும், ஏப்ரல் 7-ம் தேதி மெஷினை மறுபடி ஓட விட்டார்கள். நான்கே நாளில், ஏப்ரல் 11. அதே ஆபரேட்டர், முகத்தில் தோல் புற்றுநோய் வந்த இன்னொரு நோயாளி, அதே திருத்தம், அதே 54. இந்த முறை இன்டர்காம் வேலை செய்தது. உள்ளிருந்து பெரிய சத்தமும், பின்னாலேயே முனகலும் கேட்டன. ஓடிப்போய்ப் பார்த்தார் ஆபரேட்டர். முகத்தின் ஒரு பக்கம் தீப்பிடித்தது போல இருக்கிறது என்றார் அந்த மனிதர். மூன்று வாரங்கள்கூட அவர் உயிரோடு இல்லை.

விரல் வேகத்தில் இருந்த ரகசியம்

கம்பெனி இன்ஜினீயர்களால் கண்டுபிடிக்க முடியாததைக் கண்டுபிடித்தவர்கள், அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் ஆபரேட்டரும்தான். மெஷினை உடனே நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். அந்த இரண்டு நாட்களில் எந்தப் பட்டனை எந்த வரிசையில் அழுத்தினேன் என்று ஆபரேட்டர் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் செய்துகாட்டினார். திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. திருத்தம் வேகமாக நடந்தால் மட்டும்தான் 54 வருகிறது. இயற்பியலாளர் அந்த வேகம் வரும்வரை பயிற்சி எடுத்து, நினைத்தபோது 54-ஐ வரவழைக்கக் கற்றுக்கொண்டார். அவர் சொன்ன பிறகும் கம்பெனியால் முதலில் செய்துபார்க்க முடியவில்லை. வேகமாகத் தட்டிப் பாருங்கள் என்று சொன்ன பிறகுதான் அவர்களுக்கும் வந்தது. நிதானமாகத் தட்டுகிற இன்ஜினீயர் கைக்கு அகப்படாத தவறு, நாள் முழுக்க அதே வேலையைச் செய்து பழகிய கைக்கு அகப்பட்டுவிட்டது.

என்ன நடந்தது? காந்தங்களைச் சரியான நிலைக்குக் கொண்டுவர மெஷினுக்குச் சுமார் எட்டு விநாடிகள் தேவை. அந்த நேரத்தில் கீபோர்டைக் கவனிக்கும் வேலையும், மெஷினைத் தயார் செய்யும் வேலையும் ஒரே கம்ப்யூட்டரில் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தன.

வீட்டில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மா சமையலறைச் சுவரில் மளிகைச் சீட்டு ஒட்டியிருக்கிறார். பையன் அதைப் படித்துக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறான். தெருமுனை தாண்டும்வரை, அம்மா மாற்றிச் சொல்கிறாரா என்று ஒரு காதைத் திறந்து வைத்திருக்கிறான். அதற்குப் பிறகு கவனிப்பதில்லை. அவன் தெருமுனை தாண்டியதும் அம்மா சீட்டில் துவரம் பருப்பை அடித்துவிட்டு உளுந்து என்று எழுதுகிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் யார் பார்த்தாலும் சீட்டில் உளுந்துதான் இருக்கிறது. பையில் வருவது துவரம் பருப்பு. ஸ்கிரீனில் 'எலெக்ட்ரான்' என்று சரியாகவே தெரிந்தது. சுழல்மேடையும் எலெக்ட்ரானுக்கான இடத்துக்குப் போயிருந்தது. கற்றையின் வலு மட்டும் எக்ஸ்-ரேக்கானது. குறுக்கே தகடு இல்லை.

இந்த வகைத் தவறுக்கு 'ரேஸ் கண்டிஷன்' என்று பெயர். எந்த வேலை முதலில் முடியும் என்பதைப் பொறுத்து விடை மாறுவது. இதன் தொல்லை என்னவென்றால், நூறு முறை சோதித்தாலும் நூறு முறையும் சரியாக ஓடும். காகிதத்தில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் படித்தாலும் தவறு தெரியாது.

பூட்டைக் கழற்றியது யார்?

தட்டச்சுப் பிழையோ, ஏன், சாஃப்ட்வேர் பிழையோகூட இந்தக் கதையின் பெரிய குற்றவாளி இல்லை. பிழை இல்லாத சாஃப்ட்வேரை யாரும் எழுதியதில்லை. அந்தப் பிழைக்கும் நோயாளிக்கும் நடுவே வேறு எதுவுமே இல்லாமல் போனதுதான் விபரீதம்.

தெராக்-25-க்கு முன்னால் தெராக்-20 என்று ஒரு மெஷின் இருந்தது. அதில் கம்ப்யூட்டர் இருந்தாலும், தனியான மின்சுற்றுகளும் இயந்திரப் பூட்டுகளும் காவல் இருந்தன. சுழல்மேடை தவறான இடத்தில் இருந்தால் கம்ப்யூட்டர் என்ன சொன்னாலும் கதிர் வராது. தெராக்-25-ல் அந்தப் பூட்டுகளில் பலவற்றை எடுத்துவிட்டு, பொறுப்பை சாஃப்ட்வேரிடம் ஒப்படைத்தார்கள். செலவு மிச்சம். சாஃப்ட்வேரின் பெரும்பகுதியை எழுதியவர் ஒரே ஒருவர். பழைய மெஷின்களின் புரோகிராம் பகுதிகளும் அதில் கலந்திருந்தன. அங்கே ஒழுங்காக ஓடியது இங்கேயும் ஓடும் என்று நம்பினார்கள்.

1983-ல் இந்த மெஷினுக்கு ஒரு பாதுகாப்பு ஆய்வு நடந்தது. எந்தப் பாகம் பழுதானால் என்ன ஆகும் என்று அலசிய அந்த ஆய்வு, சாஃப்ட்வேரில் இருக்கக்கூடிய பிழையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நிறைய சோதித்துவிட்டோம், சாஃப்ட்வேர் இரும்பைப் போலத் தேயாது என்பது அவர்கள் வாதம். தேயாது என்பது உண்மை. முதல் நாளே தவறாக இருந்தால், கடைசி நாள்வரை அதே தவறோடு தேயாமல் இருக்கும் என்பதும் உண்மை.

ஆரம்பத்தில், நோயாளி இருக்கும் அறையில் அமைத்த எண்களையெல்லாம் வெளியே வந்து கம்ப்யூட்டரிலும் ஒருமுறை முழுதாகத் தட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் மெஷின் ஓடும். நேரம் அதிகமாகிறது என்று ஆபரேட்டர்கள் குறைபட, என்டரைத் தட்டினாலே பழைய எண் வந்து உட்காரும்படி மாற்றிக்கொடுத்தார்கள். நியாயமான கோரிக்கைதான், வெளியே வரிசையில் நோயாளிகள் காத்திருப்பார்கள். ஆனால், சரிபார்ப்பதற்காக வைத்த ஒரு படி அதோடு காணாமல் போனது.

அடிக்கடி அடித்த அலாரம் இன்னொரு சங்கதி. மெஷின் ஒரே நாளில் 40 முறைகூடப் பிழைச் செய்தி காட்டியிருக்கிறது என்று ஓர் ஆபரேட்டர் பின்னர் சொன்னார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. 'மால்ஃபங்ஷன்' என்ற சொல்லும் ஓர் எண்ணும்தான் வரும். எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஆபரேட்டர் கையேட்டில் விளக்கம் கிடையாது. 54 என்றால் கொடுத்த கதிர் மிக அதிகம் அல்லது மிகக் குறைவு என்று அர்த்தமாம்! அதிகமா, குறைவா என்பதை மெஷின் சொல்லாது. 'பி' தட்டினால் மறுபடி ஓடும். ஐந்து முறை வரை தட்டலாம். தினமும் கூவுகிற அலாரத்தை, பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைப் போல எடுத்துக்கொள்ளத்தான் மனித மனம் பழகும். ஆபரேட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மீட்டர் சுழன்று பூஜ்யமானால்...

டைலர் விபத்துகளுக்குப் பிறகு கம்பெனி மருத்துவமனைகளுக்கு அனுப்பிய முதல் யோசனையை இன்று படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மேல்நோக்கும் அம்புக்குறி பட்டனைப் பிடுங்கிவிடுங்கள். யாரும் அழுத்த முடியாதபடி உள்ளே இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள் என்பதுதான் அது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ இதை ஏற்கவில்லை. 1986, மே 2-ம் தேதி மெஷின் குறைபாடுள்ளது என்று அறிவித்து, முறையான திருத்தத் திட்டம் கேட்டது. திட்டம் போவதும், கேள்விகளோடு திரும்புவதுமாக மாதங்கள் ஓடின. அதுவரை மெஷின்களும் ஓடின.

1987, ஜனவரி 17. யாக்கிமாவில் இன்னொரு நோயாளி பாதிக்கப்பட்டார். இந்த முறை காரணம் வேறு.

சுழல்மேடை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க சாஃப்ட்வேரில் ஒரு சின்ன எண் இருந்தது. அது பூஜ்யமாக இருந்தால் 'சோதிக்கத் தேவையில்லை'. வேறு எதுவாக இருந்தாலும் 'சோதித்துப் பார்' என்று அர்த்தம். 'சோதி' என்று சொல்ல, அந்த எண்ணை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டிக்கொண்டே போனார் எழுதியவர். பழைய ஸ்கூட்டர்களில் கிலோமீட்டர் மீட்டர் 99,999-ஐத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்துக்கு வருமே, அதே கதைதான். அந்த எண்ணுக்கு ஒதுக்கியிருந்த இடத்தில் 255 வரைதான் கொள்ளும். 256-வது சுற்றில் பூஜ்யம்! அந்தச் சுற்றில் மட்டும் சோதனை நடக்காது. அந்தக் கணத்தில் ஆபரேட்டர் பட்டனை அழுத்திவிட்டால், சுழல்மேடை எங்கே இருந்தாலும் கதிர் பாயும். யாக்கிமாவில் அப்படித்தான் அழுத்தப்பட்டது. 86 ரேட் பெற வேண்டியவருக்கு 8,000 முதல் 10,000 ரேட் வரை பாய்ந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஏப்ரலில் அவர் இறந்தார். திருத்தம் என்னவோ ஒரே வரிதான். ஒன்று கூட்டுவதற்குப் பதிலாக, பூஜ்யமல்லாத ஒரு நிலையான எண்ணை வைத்தால் போதும்.

மொத்தம் ஆறு விபத்துகள். குறைந்தது மூன்று பேர் கதிர்வீச்சால் இறந்தார்கள். இவற்றையெல்லாம் துருவி ஆராய்ந்து நான்சி லெவ்சன், கிளார்க் டர்னர் என்ற இரண்டு பேர் 1993-ல் வெளியிட்ட கட்டுரைதான், இன்றுவரை இத்துறை மாணவர்கள் படிக்கும் பாடம். ஒரு பிழையைக் கண்டுபிடித்ததும் 'அப்பாடா, காரணம் கிடைத்துவிட்டது' என்று ஒவ்வொரு முறையும் கம்பெனி ஓய்ந்துபோனதை அவர்கள் கடுமையாகவே சுட்டிக்காட்டினார்கள். ஹாமில்டன் விபத்துக்குப் பிறகு, ஒரு ஸ்விட்ச்சின் மீது சந்தேகப்பட்டு அதை மாற்றிவிட்டு, மெஷினின் பாதுகாப்பு லட்சம் மடங்கு கூடிவிட்டதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. அந்த ஸ்விட்ச்தான் காரணம் என்று அப்போது நிரூபிக்கக்கூட முடிந்திருக்கவில்லை.

கடைசியில் அந்த மெஷின்களில் செய்யப்பட்ட மாற்றங்களில் முக்கியமானது, சாஃப்ட்வேரோடு சம்பந்தமே இல்லாத ஒரு தனி மின்சுற்று. கதிர் அளவு மீறினால், கம்ப்யூட்டரைக் கேட்காமலேயே நிறுத்திவிடும். சுழல்மேடை எங்கே நிற்கிறது என்று அளக்கத் தனிக் கருவியும் வந்தது. வெறும் எண்களுக்குப் பதிலாகப் புரிகிற வார்த்தைகளில் செய்திகள் வந்தன. அம்புக்குறி பட்டனும் திரும்பி வந்தது.

பந்தி நடுவே அரிசி கடன் கேட்காதே

இன்று இந்த வகை சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களின் வேலை, வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் அலுப்பூட்டும். போன் ஆப் எழுதுகிறவர்கள் செய்யும் வித்தைகள் பலவற்றுக்கு இங்கே தடை. கார்களுக்காக 1998-ல் வெளியான 'மிஸ்ரா' விதிகள் இதற்கு நல்ல உதாரணம். (வட இந்தியப் பெயர் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் வாகனத் துறையினரின் சாஃப்ட்வேர் நம்பகத்தன்மைக் கூட்டமைப்பின் சுருக்கப் பெயர் அது.) புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் கூடுதல் மெமரி கேட்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு பக்கத்து வீட்டுக்கு அரிசி கடன் கேட்கப் போனால் எப்படி இருக்கும்? கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், எவ்வளவு நேரமாகும் என்றும் தெரியாது. அதனால் எவ்வளவு தேவை என்று முதலிலேயே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரக் கணக்கும் அப்படித்தான். ஒரு வேலை சராசரியாக எவ்வளவு நேரத்தில் முடியும் என்பது இங்கே உதவாது. மிக மோசமான நாளில், எல்லா வேலையும் ஒரே சமயத்தில் வந்து விழுந்தால், அதிகபட்சம் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும். மருத்துவக் கருவிகளுக்கு 2006-ல் வந்த ஐ.இ.சி 62304 என்ற சர்வதேச விதிமுறை, இந்த சாஃப்ட்வேர் தவறினால் யாருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறது. உயிர் போகலாம் என்றால் எழுதும் முறை, சோதிக்கும் முறை, ஆவணம் எல்லாமே கடுமையாகும்.

எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும் என்பதைத் தவறாகக் கணித்ததாலும் உயிர்கள் போயிருக்கின்றன. வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணியது. மூன்றில் ஒன்றை 0.333 என்று எழுதினால் எங்கே நிறுத்தினாலும் கொஞ்சம் விட்டுப்போகும் அல்லவா? கம்ப்யூட்டரின் இருமக் கணக்கில் பத்தில் ஒன்றுக்கும் அதே கதிதான். ஒவ்வொரு முறையும் மயிரிழை விட்டுப்போகும். சில மணி நேரம் ஓட்டிவிட்டு இடம் மாற்றுவார்கள் என்று நினைத்து வடிவமைத்த கருவியை, 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினார்கள். கடிகாரம் மூன்றில் ஒரு பங்கு விநாடி பிசகியது. அந்த நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். 1991, பிப்ரவரி 25-ம் தேதி, வந்த ஸ்கட்டை பேட்ரியாட் தவறான இடத்தில் தேடியது. ராணுவ முகாமில் 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். திருத்தப்பட்ட சாஃப்ட்வேர் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

செவ்வாயில் ஒரு வாட்ச்மேன்

தவறு நடக்கத்தான் போகிறது என்று முன்பே ஒப்புக்கொண்டு வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, செவ்வாய்க் கிரகத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1997, ஜூலை 4-ம் தேதி நாசாவின் பாத்ஃபைண்டர் அங்கே இறங்கியது. படங்கள் வந்தன, உலகமே கொண்டாடியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய வேலை பாதியில் நின்றது.

இதுவும் வீட்டுக் கதைதான். அப்பா ஆபீஸுக்கு அவசரமாகக் கிளம்ப வேண்டும். வண்டிச் சாவி சின்னவனிடம். வண்டியைத் துடைத்துவிட்டுச் சாவியைத் தந்துவிடுவான், ஒரு நிமிட வேலை. அதற்குள் பாட்டி அவனைக் கூப்பிட்டு ஒவ்வொரு வேலையாகச் சொல்கிறார். பாட்டி சொன்னால் அவன் தட்ட முடியாது. அப்பாவின் அவசரம் பாட்டிக்குத் தெரியாது. வீட்டிலேயே அவசரமான ஆள், கடைக்குட்டிக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். பாத்ஃபைண்டரில் முதன்மையான வேலை ஒன்று, கீழ்நிலை வேலை ஒன்று பிடித்துவைத்திருந்த பொதுவான சாவிக்காக இப்படிக் காத்திருந்தது. இடையில் இருந்த வேலைகள் அந்தக் கீழ்நிலை வேலையை ஓடவிடவில்லை.

தெராக்-25-ல் இப்படி நேரம் தவறியதை யாரும் கவனிக்கவில்லை. பாத்ஃபைண்டரில் கவனிக்க ஏற்பாடு இருந்தது. முக்கிய வேலை குறித்த நேரத்துக்குள் முடிந்ததா என்று பார்த்துக்கொண்டே இருந்தது ஒரு காவல் ஏற்பாடு. முடியவில்லை என்றதும், அரைகுறையாக ஓடுவதைவிட முதலிலிருந்து தொடங்குவது மேல் என்று கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தது. அந்த ரீஸ்டார்ட்தான் விண்கலத்தைக் காப்பாற்றியது. பூமியில் இருந்த இன்ஜினீயர்கள், தங்களிடம் இருந்த இரட்டைக் கருவியில் அதே நிலைமையை உருவாக்கிக் காரணத்தைப் பிடித்தார்கள். சாவி கையில் இருக்கும்வரை சின்னவனுக்கும் அப்பாவின் அந்தஸ்து, பாட்டி உள்பட யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது என்று ஒரு விதி அந்த சாஃப்ட்வேரிலேயே இருந்தது. ஆஃப் செய்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதை ஆன் செய்யும் மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ரீஸ்டார்ட் நின்றது. புறப்படும் முன்பே பூமியில் இந்தக் கோளாறு சில முறை எட்டிப்பார்த்திருந்தது என்பதையும், மறுபடி வரவழைக்க முடியாததால் அப்போது விட்டுவிட்டார்கள் என்பதையும் அந்த இன்ஜினீயர்களே பின்னர் சொன்னார்கள்.

மறுபடி வராத கோளாறு என்றதும் சிகாகோவுக்குப் போக வேண்டும். அங்கே பல்கலைக்கழகத்தோடு இணைந்த கதிர்வீச்சுச் சிகிச்சை மையத்தில் பழைய தெராக்-20 இருந்தது. அதில் ஒரு விசித்திரம். புதிதாக மாணவர்கள் பயிற்சிக்கு வரும்போதெல்லாம் மெஷினின் ஃபியூஸ் போகும். சில சமயம் வாரத்துக்கு மூன்று முறைகூட. மாணவர்கள் கை பழகியதும் நின்றுவிடும். அடுத்த குழு வரும்வரை மாதக்கணக்கில் ஒரு தொல்லையும் இருக்காது. மெஷின் வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான். ஃபியூஸை மாற்றிவிட்டு வேலையைத் தொடர்வார்கள்.

டைலர் செய்தியைக் கேள்விப்பட்ட அந்த மையத்தின் இயற்பியலாளர் தங்கள் மெஷினைச் சோதித்துப் பார்த்தார். அதே திருத்தம், அதே வேகம், அதே தவறு தெராக்-20-ன் சாஃப்ட்வேரிலும் இருந்தது. புதிய மாணவர்கள் தப்பும் தவறுமாகத் தட்டி, கண்டபடி திருத்தி, தங்களை அறியாமலேயே அதைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மெஷினில் பழைய பூட்டு இன்னும் இருந்ததால், ஒவ்வொரு முறையும் ஃபியூஸ் போனதோடு சரி.